பரோலோவைத் திறந்தேன், வாய் வறண்டுபோனது. மீதி பாட்டில்களை எப்போது தொடலாம்?

புதுக்கோப்பை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 2016 பரோலோ (இத்தாலியச் சிவப்பு ஒயின்) ஆறு பாட்டில் இருந்தது, இப்போது ஐந்து. கூடவே அதே வருடத்துப் போயாக் (பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு) மூன்று. எல்லாமே நல்ல கைகளில் உருவானவை, பத்து வருடமாவது கண்ணில் படாமல் வை என்றார்கள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் பரோலோவில் ஒன்றைத் திறந்தேன்.

ஊற்றியதும் நிறத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிகிறது. விளிம்பில் லேசாகச் செங்கல் நிறம் வேறு. மூக்குக்குப் பிரமாதம்: காய்ந்த ரோஜா, புளிப்புச் செர்ரி, கொஞ்சம் தார் வாசனை. சரி என்று ஒரு வாய் குடித்தால் ஈறும் உதடும் ஒட்டிக்கொண்டன. மூக்கில் இருந்த பழம் நாக்கில் எங்கே போனது என்றே தெரியவில்லை. பாதிக்கு மேல் மிச்சம். கார்க்கைத் திரும்பச் செருகி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு வெளிறி, இவ்வளவு துவர்க்கிற ஒயின் நிஜமாகவே வருடக்கணக்கில் தாங்குமா, இல்லை இப்போதே இறங்குமுகமா? தாங்கும் என்றால் குடித்துப் பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், நிலவறை எல்லாம் எனக்குக் கிடையாது. துணி அலமாரியின் அடித்தட்டில் படுக்க வைத்திருக்கிறேன். கோடையில் அந்த அறை நன்றாகவே சூடாகும்.

கார்க்திருகி:

வெளிறிய நிறம் பரோலோவுக்கான நெபியோலோ திராட்சையின் பிறவிக் குணம், பயப்பட ஒன்றுமில்லை. 2016 பரோலோவுக்கும் போர்தோவுக்கும் அருமையான வருடம். துவர்ப்பு அவ்வளவு இருந்தால் டானின் (துவர்ப்பைத் தரும் பொருள்) ஏராளம். டானின் ஏராளம் என்றால் ஆயுளும் ஏராளம். பரோலோவை 2030 வரை தொடாதீர்கள், போயாக்கை 2035 வரை. அவ்வளவுதான்.

வண்டல்:

நிறம் பற்றிச் சொன்னது சரி, வருடம் பற்றியும் சரி. மூன்றாவதுதான் இடிக்கிறது. டானினை மட்டும் நம்பிப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் போர்தோ 1975 போதும். அந்த வருட ஒயின்கள் பலவற்றில் துவர்ப்பு இளகுவதற்குள் பழம் போய்ச் சேர்ந்துவிட்டது, சக்கைதான் மிச்சம். டானின் காவல் காக்கும், ஒத்துக்கொள்கிறேன். காக்க உள்ளே சரக்கு இருக்க வேண்டுமே.

பாட்டிலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த டானினும், தோலிலிருந்து வந்த நிறமிகளும் மெதுவாக ஒன்றோடொன்று இணைகின்றன. வாயில் பிடித்து இழுக்கும் குணம் தணிகிறது, ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. அளவு மீறிப் பெருத்தவை கரைந்து நிற்க முடியாமல் அடியில் படிகின்றன (நான் பெயர் வைத்துக்கொண்டது அதைப் பார்த்துத்தான்). அதே காலத்தில் பழவாசனையும் குறைந்து தோல், புகையிலை, காளான், சருகு என்று வேறு வாசனைகள் வருகின்றன. புளிப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால்தான் பழம் தேய்ந்த ஒயினில் புளிப்பு முன்பைவிடத் துருத்திக்கொண்டு தெரிகிறது. துவர்ப்பு இளகும் நாளில் பழம் இன்னும் மீதி இருக்குமா, இதுதான் முழுக் கேள்வியும்.

இதை இளம் ஒயினிலேயே ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். முதல் வாயை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது வாயைத் தயார் செய்யத்தான். இரண்டாவது வாயில் துவர்ப்பு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று சீராகப் பரவி, பொடியாக, மாவுபோல இருந்தால் நல்லது. நாக்கின் அடியில் பச்சைக் காம்பை மென்றதுபோல் கசந்தால் திராட்சை சரியாகப் பழுக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கசப்பைக் காலம் அவ்வளவாகத் தீர்த்து வைப்பதில்லை. பிறகு விழுங்கிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். வறட்சி ஏறி, உச்சிக்குப் போய், மெல்லத் தணியும். தணிந்த பிறகு செர்ரியோ ரோஜாவோ மறுபடி எழுந்து வருகிறதா? வந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. வெறும் வறட்சியோடு கதை முடிந்தால் எனக்கு நம்பிக்கை இல்லை.

மிச்சம் வைத்தீர்களே, அது நல்லதாகப் போயிற்று. குளிர்ச்சியான மூலையில் வைத்து நாளை மாலை அரைக் கோப்பை, மறுநாள் அரைக் கோப்பை எடுத்துப் பாருங்கள். காற்றுப்பட்டு மேலே வருகிற ஒயினுக்கு முதுகெலும்பு இருக்கிறது. அடிபட்ட ஆப்பிள் வாசனையோ வினிகர் நெடியோ மறுநாளே வந்தால் மீதி பாட்டில்களைச் சீக்கிரம் குடித்துவிடலாம். பாதிப் பாட்டிலில் ஒரு நாள் என்பது மூடிய பாட்டிலில் இத்தனை வருடம் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு வாய்ப்பாடு கிடையாது. ஆனாலும் "2030 முதல் 2045 வரை" என்று அச்சடித்து வரும் ஆரூடங்களைவிட இந்த அரைக் கோப்பையை நான் அதிகம் நம்புவேன்.

பெயரை வைத்து ஆயுளைச் சொல்கிறவர்களுக்கு 2006ஐ நினைவூட்டுவது என் வழக்கம். 1976இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் லேபிள் தெரியாமல் ருசித்தபோது, கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973, போர்தோவின் பேர்போன முதோன் ரோத்ஷீல்ட் 1970ஐ முந்தியது. இளமையில் முந்தும், வயதானால் தெரியும் சேதி என்று சொல்லிச் சமாளித்தார்கள். முப்பது வருடம் கழித்து, 2006இல் அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாப்பாவிலும் மறுபடி வைத்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கே போனது. முதலிடம் ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971. 1976இல் அது ஐந்தாவதாக வந்த ஒயின்! முதோன் ஆறாவது.

இனி உங்கள் அலமாரி. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வேண்டியது 12, 13 டிகிரி, இருட்டு, ஓரளவு ஈரப்பதம், ஆட்டம் அசைவு இல்லாமை. வருடத்துக்குள் மெதுவாக இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கினால் குடி முழுகாது. தினமும் ஏறி இறங்குவதுதான் கெடுதல். ஒயின் விரிந்து சுருங்கிக் கார்க் வழியே காற்றை உள்ளே இழுக்கும். 30 டிகிரியைத் தொட்டால் கார்க்கே மேலே தள்ளப்படலாம். மூடியுறையை விரலால் திருகிப் பாருங்கள். அசையாமல் ஒட்டிக்கொண்டு, விளிம்பில் பிசுபிசுப்பும் இருந்தால் கசிந்திருக்க வாய்ப்பு உண்டு. சூட்டில் வைத்தால் சீக்கிரம் முதிரும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. முதிராது, வேகும். பழம் ஜாம் வாசனைக்குப் போய்விடும், துவர்ப்பு அப்படியே நிற்கும்.

சின்னதாக ஒரு ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்குங்கள். முடியாவிட்டால் வெயில் படாத உட்சுவர் ஓரம், தரையோடு. அதுவும் கோடையில் சூடேறும் என்றால் அந்தச் சில மாதங்களுக்குச் சாதாரண ஃப்ரிட்ஜின் அடித்தட்டே மேல். வருடக்கணக்கில் அங்கே வைத்தால் கார்க் உலரும் என்பது சரிதான், ஒரு கோடைக்கு ஒன்றும் ஆகாது.

இலையுதிர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழசு என்றால் மேல் என்று எல்லோரும் முதலிலேயே தீர்மானித்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது. உலகத்தில் விற்கும் சிவப்பு ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் குடிக்கத்தான் தயாராகிறது. வைக்கத் தகுந்ததிலும்கூட எனக்குப் பழம் இருக்கும்போதே பிடிக்கிறது. ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரெசெர்வா குறைந்தது ஐந்து வருடம் பீப்பாயிலும் பாட்டிலிலுமாக முதிர்ந்து, குடிக்கிற பக்குவத்தில் வெளியே வருகிறது. அதை வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? சருகும் காளானும் ருசிக்கப் பதினைந்து வருடம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்.

வண்டல்:

நியாயமான கேள்வி, இதற்குச் சண்டை போட மாட்டேன். பரோலோவுக்கும் சட்டம் 38 மாதம் கேட்கிறது, அதில் 18 மாதம் மரத்தில். ஆனால் அது விற்பனைக்குத் தயாராகும் காலம், குடிக்கத் தயாராகும் காலம் அல்ல. கிரான் ரெசெர்வா அந்த வகையில் தாராள மனசு. காளான் வாசனை பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர்கள் பெட்டியாக வாங்குவதற்கு முன் நன்றாகப் பராமரித்த பழைய பாட்டில் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்து குடித்துப் பார்ப்பது உத்தமம். பிடிக்கவில்லையென்றால் அலமாரி, ஃப்ரிட்ஜ் கவலை எதுவுமே இல்லை.

புதுக்கோப்பை:

சொன்னபடியே செய்தேன். இரண்டாம் நாள் மாலை ரோஜா குறைந்து செர்ரி முன்னே வந்தது, துவர்ப்பு அதே இடத்தில். மூன்றாம் நாள்தான் ஆச்சரியம். ஈறில் இன்னும் பிடிக்கிறது, ஆனால் விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒன்று எழுந்து வந்து நெடுநேரம் நின்றது. வினிகர் நெடி துளியும் இல்லை. மூடியுறைகள் எல்லாமே சுலபமாகத் திரும்புகின்றன. ஃப்ரிட்ஜுக்குச் சொல்லியாகிவிட்டது. இனி ஐந்தையும் எப்படிப் பிரிப்பது? பழைய பாட்டிலைத் திறக்கத் தனி முறை ஏதாவது உண்டா?

கார்க்திருகி:

மூன்றாம் நாளும் நின்றதா? அப்போது 2030 என்று நான் சொன்னது தப்பில்லை போலிருக்கிறதே 🙂

வண்டல்:

தப்பே இல்லை, காரணம்தான் வேறு.

ஐந்தையும் ஒரே வருடத்துக்காக வைக்க வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று என்று திறங்கள். நடுவில் ஒன்று வாசனையே இல்லாமல் ஊமையாக இருந்தால் பதறாதீர்கள், இப்படிப்பட்ட ஒயின்கள் சில காலம் வாயை மூடிக்கொள்வது உண்டு. ஆனால் ஈர அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் அது வேறு விஷயம். அது கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற மாசு. அந்த ஒரு பாட்டிலோடு போய்விடும், மற்றவற்றுக்குத் தொடர்பில்லை. ஒவ்வொரு முறையும் அன்றைய குறிப்பை எழுதி வையுங்கள், அடுத்ததை எப்போது திறப்பது என்பதை அதுதான் சொல்லும். போயாக்கில் இருப்பது மூன்றுதான், அதனால் முதலாவதைப் பரோலோ இரண்டு போன பிறகு எடுங்கள். காபர்னே சோவின்யோன் திராட்சை அதிகமுள்ள ஒயின், அவசரமே இல்லை.

திறப்பதற்கு: ஒரு நாள் முன்பே, முடிந்தால் இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். பழைய கார்க் உதிரும் ரகம், அதனால் திருகாணியைவிட இரண்டு தகடு உள்ள கார்க் திறப்பானைப் பக்கவாட்டில் செருகி முறுக்கி இழுப்பது பாதுகாப்பு. பாட்டில் கழுத்துக்குக் கீழே டார்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக டிகான்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) சாய்த்து ஊற்றுங்கள். கழுத்தில் கறுப்புக் கோடு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இப்போதைய வயதில் இந்தப் பரோலோவை இரண்டு மூன்று மணி நேரம் காற்றில் விடலாம். நன்றாக வயதான பிறகு அப்படி விடாதீர்கள், வண்டலைப் பிரித்ததும் கோப்பைக்குப் போக வேண்டும். சில பழைய ஒயின்கள் முதல் அரை மணியிலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போய்விடும். அடியில் கலங்கி நிற்கும் மிச்சத்தைக் கோப்பையில் சேர்க்க வேண்டாம்.