தோல் வெட்டியவனை ரெக்சின் வெட்டச் சொல்கிறார்கள்: ஒப்புக்கொள்வதா?

கட்டிங்காரன், ஆம்பூர்

ஷூ தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். வயது 46. போன வாரம் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதல் தோல் ஷூ கிடையாது, விளையாட்டு ஷூவுக்கான ரெக்சினும் துணியும்தான் இனி என்று சொல்லிவிட்டார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியதிலிருந்தே ஆர்டர் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஐந்து நிமிடப் பேச்சில் எல்லாம் முடிந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை.

விருப்பமிருந்தால் ரெக்சின் வெட்டும் பிரஸ் இயந்திரத்துக்கு மாறலாம். முதல் ஆறு மாதம் பயிற்சிச் சம்பளம், அதாவது இப்போது வாங்குவதைவிடக் குறைவு. விருப்பமில்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

வெளியாருக்காக ஒன்று சொல்கிறேன். தோலை மேஜையில் விரித்ததும் முதலில் உள்ளங்கையால் தடவுவோம். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு எல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரியும். ஷூவின் முன்பகுதியை முதுகிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாக்கு மாதிரி மறைவான துண்டுகளை வயிற்றுப் பக்கம் தள்ளிவிடலாம். இடது காலும் வலது காலும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால்தான் நிறம் ஒத்துப்போகும். ரெக்சினுக்கு இதெல்லாம் எதற்கு? சுருள் வரும், பல அடுக்காகப் போட்டு அச்சை வைத்துப் பொத்தானை அழுத்தினால் துண்டு விழும். இத்தனை வருடம் கற்றதை அங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

மாறுவதா, விலகுவதா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

வாணியம்பாடி பாய்

தம்பி, யோசிக்காமல் மாறிவிடுங்கள். கைவேலையின் அருமை எனக்குத் தெரியும், எங்கள் குடும்பமே தோல் மண்டிக் குடும்பம். ஆனால் இந்தத் தொழில் ஒரே இடத்தில் நின்ற காலம் என்று ஒன்று உண்டா? என் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் வாரக்கணக்கில் ஊறியது. பட்டை போதாமல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்கினார்கள். குரோம் உப்பில் பதனிடுவது வந்ததும் அந்த வாரக்கணக்கு ஒரு நாளுக்குச் சுருங்கியது. 1970-களில் பச்சைத்தோல் ஏற்றுமதியை மத்திய அரசு நிறுத்தி, அரைப்பதன் தோலுக்கும் கட்டுப்பாடு போட்டது. அன்றைக்கும் இப்படித்தான் ஒப்பாரி வைத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு வந்திருக்காவிட்டால் ஆம்பூரில் இத்தனை ஷூ தொழிற்சாலை ஏது, உங்கள் கட்டிங் மேஜை ஏது?

1989-இல் ஜெர்மனிக்காரன், தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பி.சி.பி. மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று தடை போட்டான். சரக்கு திரும்பி வரும் என்று ஊரே நடுங்கியது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினோம், மாற்று மருந்து பிடித்தோம், பிழைத்தோம். நியாயம் பேசிக்கொண்டு உட்கார்ந்தவர்களின் ஷெட் இன்று கல்யாண மண்டபமாக இருக்கிறது.

பேரணாம்பட்டு தையல்

பாய், நீங்கள் சொன்ன கதையெல்லாம் உண்மைதான், ஆனால் எல்லாம் முதலாளி மாறிய கதை. தொழிலாளி மாறிய கதை ஒன்றுகூட அதில் இல்லை. 1970-களின் கட்டுப்பாடு ஒரே நாளில் வந்ததா? அரைப்பதன் தோலுக்கு ஒதுக்கீடு வைத்துப் படிப்படியாகத்தானே குறைத்தார்கள்? முழுதாய்ப் பதனிட்ட தோல் பக்கம் போகிறவர்களுக்குச் சலுகையும் கொடுத்தார்கள். மாறுவதற்குக் காலமும் பணமும் உங்களுக்குக் கிடைத்தன. இந்த அண்ணனுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடப் பேச்சும் சம்பளக் குறைப்பும்.

நான் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி தைக்கிறேன். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். எங்களுக்கும் இயந்திரம் மாற்றினார்கள், கற்றுக்கொண்டோம். கற்றுக்கொள்ள யாரும் மறுக்கவில்லை. கற்கிற ஆறு மாதம் யார் வீட்டுச் சாப்பாட்டில் கை வைப்பது என்பதுதான் கேள்வி. லாபத்துக்காக உற்பத்தி வரிசையை மாற்றுகிறவர்கள்தானே பயிற்சிக் காலத்துக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும்?

வாணியம்பாடி பாய்

லாபத்துக்காகவா? அம்மா, 50 சதவீத வரி போட்ட அடியில் எந்த முதலாளிக்கு லாபம்? முழுச் சம்பளம் கொடு என்று பிடித்தால் அந்த வரிசையும் இங்கே நிற்காது. பனப்பாக்கத்தில் தைவான்காரர்களின் ஷூ தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் போட்டார்கள். 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். தோல் அல்லாத ஷூதான் அங்கே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியவில்லையா?

பேரணாம்பட்டு தையல்

தெரிகிறது. செய்யாறு பக்கம் இப்படி வந்த தொழிற்சாலையில் என் உறவுப் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருபதை ஒட்டிய பெண்கள். 46 வயதுக்காரரை அங்கே யார் கூப்பிடுவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். தோல் போகிறது என்றால் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வராது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எங்கள் கிணற்றில் தண்ணீர் உப்பாகிக் கரித்தபோது எங்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. நெல்லை விட்டுவிட்டுத் தென்னைக்குப் போனோம். தென்னையும் குன்றிப்போய், காய் சிறுத்து, கடைசியில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். பாய் சொன்ன ஒவ்வொரு மாற்றத்தின் கழிவும் எங்கள் பக்கம்தான் வந்தது. வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு படுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாடே அந்த வழக்கிலிருந்தும் எடுத்துப் பேசுகிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது.

எனவே தம்பி, ரெக்சின் வெட்டினால் என்ன, பிளாஸ்டிக் வெட்டினால் என்ன, வெட்டுங்கள். ஆற்றுக்குக் குரோம் கொஞ்சம் குறையும்.

கட்டிங்காரன், ஆம்பூர்

ஐயா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் கழிவை ஆற்றில் விட்டது நானில்லை. நான் மேஜையருகே நின்று வெட்டியவன்.

பாலாற்றங்கரை

உங்களைச் சொல்லவில்லை தம்பி. மாற்றம், மாற்றம் என்று பெருமை அடிக்கிறவர்களைச் சொன்னேன்.

குடியாத்தம் தறி

1985-ஆம் வருடச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய பட்டியலில் லுங்கிக்கு இடம் உண்டு. விசைத்தறி நின்றதா? என் அப்பா விசைத்தறிக்கு மாறத் தயாராகத்தான் இருந்தார், தறிக்காரர் இளைஞனைத்தான் எடுத்தார். பேரணாம்பட்டு அக்கா சொல்வதுதான் சரி, மாற மனம் இருப்பது மட்டும் போதாது. பாய் சொல்வதும் பாதி சரி. விலகி வந்த அப்பாவை அதன் பிறகு யாரும் தேடவில்லை.

ராணிப்பேட்டை அலுவலகம்

நான் ஒரு தொழிற்சாலையின் ஆள் நிர்வாகப் பிரிவில் இருப்பவன். இங்கே எனக்கு வசவு விழும், விழட்டும். நிர்வாகத்துக்கும் பக்கம் உண்டு: ஆர்டர் இல்லாமல் ஐந்நூறு பேரை வைத்துக்கொள்ள எவராலும் முடியாது. வரிசையை மாற்றியதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை, மாற்றாவிட்டால் கதவை மூடியிருப்பார்கள்.

ஆனால் கேள்வி கேட்டவர் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. ‘எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம்.’ நண்பரே, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக விலகினால் அது ராஜினாமா. ஐந்து வருடத்துக்கு மேல் இருந்ததற்குப் பணிக்கொடை வரும், அவ்வளவுதான். நிர்வாகம் ஆள்குறைப்புச் செய்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஆள்குறைப்புக்கு ஆளானவருக்குப் புதுத்தொழில் கற்க என்று, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகை 45 நாளுக்குள் அவர் கணக்கில் சேர வேண்டும். ராஜினாமா எழுதிய கையோடு இவை இரண்டும் போய்விடும். மேலாளர்கள் ‘விருப்பம்’ என்று இனிமையாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான், எங்கள் அறையில் நடக்கும் பேச்சு எனக்குத் தெரியாதா?

சம்பளக் குறைப்புக்கு வாய்மொழி போதாது. சம்பளத்தைத் தொடும் மாற்றம் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் வேண்டும். வந்ததா?

வாணியம்பாடி பாய்

இந்தத் தம்பி சொல்வதை ஏற்கிறேன், கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் சட்டத்தைக் காட்டி வெளியே நின்று சண்டை போடவும் வேண்டாம். திங்கட்கிழமை பிரஸ் இயந்திரத்தின் முன் போய் நில்லுங்கள். இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு கேளுங்கள்.

பேரணாம்பட்டு தையல்

அதைத்தானே பாய் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்? யோசிக்காமல் மாறிவிடு என்றவர் நீங்கள்.

வாணியம்பாடி பாய்

மாறத்தான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். இழப்பீட்டை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் அது எத்தனை மாதம் வரும்? 46 வயதில் வேலைக்குள் இருப்பவனுக்குத்தான் அடுத்த வேலை கிடைக்கும்.

கட்டிங்காரன், ஆம்பூர்

எழுத்தில் எதுவும் வரவில்லை. ஒரு பதிவேட்டை நீட்டி, பிரஸ்ஸுக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் ஒரு பக்கம் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மூன்று பேர் போட்டுவிட்டார்கள். நான் இரண்டு பக்கத்திலும் போடவில்லை. திங்கட்கிழமை இயந்திரத்துக்குப் போகிறேன், ஆனால் பழைய சம்பளத்திலேயே பழக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். மேஜைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுப்பதாகப் பேச்சு. லைனிங் வெட்டுகிறவர்கள் மட்டும் தயங்குகிறார்கள்.

ராணிப்பேட்டை அலுவலகம்

கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட அந்த மூன்று பேர் எந்தப் பக்கத்தில் போட்டார்கள்?

கட்டிங்காரன், ஆம்பூர்

வராதவர்கள் பக்கத்தில். அதில் ஒருவர் எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். இன்று இரவே அவர் வீட்டுக்குப் போகிறேன்.