மலைப்பகுதி மழைத் தரவு: உயரத்தை மட்டும் வைத்துக் கணக்கிடலாமா?

கேள்வி:
ஒரு மலைத்தொடரில் உள்ள 14 மழைமானிகளின் 30 ஆண்டு தினசரித் தரவு கையில் இருக்கிறது. ஆண்டு மழையையும் உயரத்தையும் வைத்து நேர்கோடு பொருத்தினால் ஒட்டவே இல்லை. இடைப்பட்ட இடங்களை மதிப்பிட்டு வரைபடம் போட்டால் ஒவ்வொரு மானியைச் சுற்றியும் வட்டம் வட்டமாக வருகிறது. காலப்போக்கில் மழை கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கும் மான்-கெண்டால் சோதனையில் ஒரே ஒரு நிலையம் மழை கூடுவதாகக் காட்டுகிறது, அதை நம்பலாமா?

பதில் 1:
உயரம் மட்டும் போதாது. ஹவாயின் கவாய் தீவில் வையலியலே சிகரத்தில் ஆண்டுக்கு 9,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது, மேற்குக் கரை மழை மறைவில் (மலை ஈரக்காற்றைத் தடுக்கும் பக்கத்தில்) இருப்பதால் அங்கே சுமார் 500 மி.மீ.தான். ஆகவே முதலில் மானிகளைக் காற்று மோதும் பக்கம், மோதாத பக்கம் என்று பிரியுங்கள், காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் மாறினால் ஆண்டுக் கூட்டுத்தொகையை விட்டுவிட்டுப் பருவவாரியாகச் செய்யுங்கள், அப்புறம் உயரத்தைச் சேருங்கள். மானித் தரவிலிருந்து மழை வரைபடம் போடும் பிரிசம் என்ற முறையும் ஒரே பக்கம் பார்த்த சரிவில் உள்ள நிலையங்களுக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. உயர்ந்த மலைகளில் ஓர் உயரத்துக்கு மேல் காற்றில் ஈரம் தீர்ந்து மழை குறையவும் செய்யும், அதனால் நேர்கோட்டைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

பதில் 2:
மானிகள் எந்த உயரங்களில் இருக்கின்றன? பெரும்பாலும் பள்ளத்தாக்கில்தான் வைத்திருப்பார்கள், போய்ப் பார்க்க வசதி. அப்படியானால் உச்சிக்கு நீங்கள் சொல்லும் மதிப்பு அளந்த உயரங்களுக்கு அப்பால் கோட்டை நீட்டிச் சொல்லும் ஊகம்தான். உலக வானிலை அமைப்பு சமவெளியில் 575 சதுர கி.மீ.க்கு ஒரு மானி போதும் என்கிறது, மலையில் 250க்கு ஒன்றாவது வேண்டுமாம். பலத்த காற்றில் மானி மழையைக் குறைத்தே பிடிக்கும், பனி என்றால் இன்னும் மோசம்.

பதில் 3:
அந்த ஒற்றை நிலையத்தை இப்போதைக்கு நம்பாதீர்கள். 5% அளவில் (அதாவது மாற்றமே இல்லாதபோதும் நூற்றில் ஐந்து முறை தவறாக 'மாற்றம்' என்று காட்ட இடம் கொடுத்து) 14 நிலையங்களைச் சோதித்தால், எங்கேயும் மாற்றமே இல்லாவிட்டாலும் ஒன்றாவது தற்செயலாக மாட்டும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி (நிலையங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால்). மானியை இடம் மாற்றினார்களா, பக்கத்தில் மரம் வளர்ந்ததா என்று பதிவேட்டைப் பாருங்கள். மழை நாட்களின் எண்ணிக்கையைத் தனியாகவும், பெய்த நாளின் அளவைக் காமா பரவலில் (தினசரி மழை அளவுக்குப் பொருத்தும் ஒரு புள்ளியியல் வளைவில்) தனியாகவும் பாருங்கள். நாட்கள் குறைந்து ஒவ்வொரு மழையும் கனத்திருந்தால் ஆண்டுத் தொகை அப்படியே இருக்கலாம், ஆனால் நிலச்சரிவு ஆபத்து கூடியிருக்கலாம்.

கேட்டவர்:
நன்றி. இடைவெளியைச் செயற்கைக்கோள் தரவால் நிரப்பலாமா?

பதில் 1:
துணைக்கு மட்டும். நிலத்தின் மேல் செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவிகள் பெரும்பாலும் மேகத்தின் பனித்துகளை வைத்தே மழையைக் கணிக்கின்றன, மலைச்சரிவில் தாழ்வான மேகத்திலிருந்து பெய்யும் மழையில் அது குறைவு என்பதால் தவறவிடும். எதைச் சேர்த்தாலும் ஒவ்வொரு மானியாக ஒதுக்கி வைத்து, மற்றவற்றால் அதைக் கணிக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.