லோராவான் நோட்: பேட்டரி 16 நாளில் தீர்ந்துவிடுகிறது

கேள்வி:
மண் ஈரத்தை அளந்து லோராவானில் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் அனுப்பும் ரேடியோ நெட்வொர்க்) அனுப்பும் நோட், அதாவது சிறு சென்சார் கருவி. ஏடிமெகா328பி கன்ட்ரோலர், ஆர்எஃப்எம்95 ரேடியோ, அனுப்பும் வலு 14 டிபிஎம், எஸ்எஃப்12 (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்: எண் கூடினால் எட்டும் தூரமும் அனுப்பும் நேரமும் கூடும்). 15 நிமிடத்துக்கு ஒருமுறை 10 பைட் போகிறது. 2600 எம்ஏஎச் 18650 செல் இரண்டு தொடராக, போர்டில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வழியாக 3.3 வோல்ட். பவர் எல்இடியைக் கழற்றியாகிவிட்டது. சென்சாருக்கு அளக்கும்போது மட்டுமே சப்ளை. அனுப்பி முடித்ததும் கன்ட்ரோலர் பவர்-டவுனுக்கு (ஆழ்ந்த தூக்கம்) போய்விடும். அப்படியும் 16 நாள்தான் தாங்குகிறது. எஸ்எஃப்12தான் காரணமா?

பதில் 1:
இல்லை. எஸ்எஃப்12, 125 கிலோஹெர்ட்ஸில் உங்கள் 10 பைட் காற்றில் இருப்பது சுமார் 1.5 விநாடி. நாளுக்கு 96 முறை, 44 மில்லிஆம்ப் என்று போட்டாலும் 2 எம்ஏஎச்கூட ஆகாது. ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 5 மில்லிஆம்ப் இழுக்கும். அது நாளுக்கு 120 எம்ஏஎச். தொடராக இணைத்தால் வோல்டேஜ்தான் கூடும், எம்ஏஎச் அதே 2600தான். ஆக 21 நாள் வர வேண்டும். உங்களுக்கு 16 என்றால் இன்னும் 1.7 மில்லிஆம்ப் எங்கோ ஒழுகுகிறது. ரேடியோ ஸ்டாண்ட்பையில் (தூங்காமல் தயாராகக் காத்திருக்கும் நிலை) இழுப்பது 1.6. அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ரெகுலேட்டருக்குப் பதில் எச்டி7333 போடுங்கள், 4 மைக்ரோஆம்ப்தான். எம்சிபி1700 வேண்டாம், அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, தொடராக இருக்கும் உங்கள் இரண்டு செல் அதைத் தாண்டும்.

பதில் 2:
ஸ்டாண்ட்பை சந்தேகம் சரியாகத்தான் இருக்கும். அனுப்பி முடித்த ரேடியோ தானாக ஸ்டாண்ட்பைக்குத் திரும்பும், ஸ்லீப்புக்குப் போகாது. அந்தக் கணமே கன்ட்ரோலரைத் தூங்கவைத்தால் அதை அணைக்க ஆளில்லை. அனுப்பிய 1, 2 விநாடி கழித்துத் திறக்கும் ரிசீவ் விண்டோக்களும் (நெட்வொர்க்கின் பதிலை நோட் கேட்கும் சிறு இடைவெளிகள்) தவறிப்போகும். இரண்டும் முடிந்தபின் ரேடியோவுக்கு ஸ்லீப் கட்டளை கொடுத்து, அதற்கப்புறம் பவர்-டவுன்.

அளக்கும்போது கவனம்: மீட்டரை மைக்ரோஆம்ப் ரேஞ்சில் வைத்து நோடை ஆன் செய்தால் மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டரின் இரு முனையையும் ஒரு ஜம்பரால் சேர்த்துவையுங்கள். நோட் தூங்கியதும் ஜம்பரை எடுத்துப் படியுங்கள், அடுத்த முறை அது விழிக்கும் முன் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
ரெகுலேட்டர் மாற்றம், ரேடியோ ஸ்லீப் இரண்டும் செய்தாயிற்று. தூக்கத்தில் இப்போது 11 மைக்ரோஆம்ப். நோடின் சிக்னலை வாங்கும் கேட்வேயில் எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் வலு, டெசிபெலில்) +4 காட்டுகிறது.

பதில் 1:
+4 இருக்கும்போது எஸ்எஃப்12 எதற்கு? எஸ்எஃப்7க்கு −7.5 போதும். ஒழுக்கு அடைபட்டதால் இனி செலவில் பெரும்பங்கு அனுப்புவதுதான், 1.5 விநாடி 62 மில்லிவிநாடியாகும். நோட் நகராதது, ஏடிஆரை (சிக்னலுக்கு ஏற்ப நெட்வொர்க்கே எஸ்எஃப்பை மாற்றும் வசதி) ஆன் செய்யுங்கள். ரிசீவ் விண்டோ சரியானபிறகுதான் அது வேலை செய்யும், ஏனென்றால் கட்டளை டவுன்லிங்கில்தான் (கேட்வேயிலிருந்து நோடுக்கு) வருகிறது.