டெஸ் தரவில் வாஸ்ப்-121பி கோளின் பள்ளம் சரியாக வரவில்லை, எங்கே தவறு?

வணக்கம். புறக்கோள் (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) பற்றி இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் 7-வது செக்டாரில் (ஒரே வானப் பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு தவணை) வாஸ்ப்-121 விண்மீனின் 2 நிமிடத் தரவை லைட்கர்வ் என்ற பைதான் நிரல்தொகுப்பு மூலம் இறக்கி, ஃபிளாட்டன் (விண்மீனின் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கும் கட்டளை) போட்டு, 1.2749 நாள் சுற்றுக்காலத்தில் மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். கோள் குறுக்கே வரும்போது ஒளி 1.5% அளவுக்குக் குறைய வேண்டும். எனக்கு அவ்வளவு வரவில்லை. பள்ளத்தின் நடுப்பகுதி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, இரண்டு ஓரங்கள் மட்டும் கீழே குத்துகின்றன, ஓரத்துக்கு வெளியே இயல்பான ஒளி அளவான 1-ஐத் தாண்டி மேடு. மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கார்த்திகை: பக்கத்து விண்மீனின் ஒளி கலந்திருக்குமோ? டெஸ்ஸில் ஒரு பிக்சலே வானில் 21 ஆர்க்செகண்ட் (கோண அளவு) அகலம், முந்தைய கெப்ளர் தொலைநோக்கியில் 4 தான்.

கேட்டவர்: பிடிசிசாப் ஃபிளக்ஸ்தான் (கருவிப் பிழைகளைத் திருத்தித் தரும் ஒளி அளவு) எடுத்தேன் அக்கா, அதில் அந்தக் கலப்பைக் கழித்துத்தானே தருகிறார்கள்?

கார்த்திகை: ஆமாம், அப்படியென்றால் அது காரணமில்லை. கலப்பு இருந்தாலும் பள்ளம் ஆழம் குறையுமே தவிர வடிவம் இப்படிக் கோணாது.

வடமீன்: தம்பி, ஃபிளாட்டனில் விண்டோ லெங்த் (ஒரு தடவை சேர்த்துப் பார்க்கும் சன்னலின் அகலம்) எவ்வளவு கொடுத்தீர்கள்? ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் அது தானாக 101 புள்ளி எடுத்துக்கொள்ளும். 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி, ஆக 202 நிமிடம். இந்தக் கோள் விண்மீனைக் கடக்க ஏறக்குறைய 2.9 மணி நேரம், அதாவது 170 நிமிடத்துக்கு மேல் ஆகும். சன்னலும் பள்ளமும் கிட்டத்தட்ட ஒரே அகலம், அதனால் பள்ளத்தையே விண்மீனின் இயல்பான ஏற்ற இறக்கம் என்று நினைத்து அந்த நிரல் வழித்து எடுத்துவிடுகிறது. நீங்கள் சொன்ன ஓரக் குத்தும் வெளி மேடும் அதன் கைத்தடம்தான்.

901 கொடுத்துப் பாருங்கள். அதைவிட நல்லது, கிரியேட் ட்ரான்சிட் மாஸ்க் என்ற கட்டளை கொண்டு பள்ளத்தில் விழும் புள்ளிகளைக் குறித்து, அதை மாஸ்க் என்று ஃபிளாட்டனுக்குக் கொடுப்பது. அப்போது பள்ளத்துக்கு வெளியே உள்ளதை மட்டும் வைத்து அது கோடு போடும். நான் எப்போதும் இதைத்தான் செய்வேன்.

கேட்டவர்: வந்துவிட்டது அண்ணா! மாஸ்க் கொடுத்ததும் அடி தட்டையாக, 1.5% பக்கத்தில் அழகாக உட்கார்ந்துவிட்டது. இன்னொரு சந்தேகம், செக்டாரின் நடுவே தரவே இல்லாத இடைவெளிக்குப் பக்கத்தில் மட்டும் வளைவு கொஞ்சம் வளைகிறதே?

வடமீன்: டெஸ் 13.7 நாளுக்கு ஒருமுறை பூமியை நெருங்கி வரும்போது தரவை அனுப்பும், அந்த இடைவெளி அது. அதை ஒட்டிய சில மணி நேரத்துப் புள்ளிகளை வெட்டிவிடுங்கள். அப்புறம் பள்ளத்தின் ஆழமான 0.015-க்கு வர்க்கமூலம் எடுங்கள், 0.122 வரும், அதுதான் விண்மீன் ஆரத்தில் கோளின் ஆரம். இந்த விண்மீன் ஆரத்தில் சூரியனைப் போல 1.46 மடங்கு, ஆகவே கோள் வியாழனைப் போல சுமார் 1.7 மடங்கு. உங்கள் கையால் அளந்தது!

கார்த்திகை: கட்டம் 0.5 (சுற்றின் பாதி) பக்கத்திலும் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துப் பாருங்கள். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது 0.05% அளவில் ஒரு சின்ன இறக்கம் தெரியும், அந்தக் கோளின் கொதிக்கும் பகல் முகத்து ஒளி மறைவது அது. முதல் முறை அதைப் பார்த்தபோது நான் இரவெல்லாம் தூங்கவில்லை.