பிசினஸ் பிளானுக்கு மார்க் போடறத நிறுத்திடலாமா?

மலைக்காற்று:
காலேஜ்ல தொழில்முனைவு பாடம் எடுக்கறவன் நான். ஒவ்வொரு செமஸ்டரும் இதே கூத்துதான். பசங்க டீமா சேர்ந்து ஒரு பிசினஸ் பிளான் எழுதுவாங்க, 5 வருஷ லாபக் கணக்க எக்செல்ல போட்டு கொண்டு வருவாங்க, மூணாவது வருஷத்துல லாபம் விர்ருன்னு ஏறும் (ஏன் மூணாவது வருஷம்னு கேட்டா யாருக்கும் தெரியாது), கடைசி வாரம் கலர் கலரா ஸ்லைடு, நாங்களும் தலைய ஆட்டி மார்க் போடுவோம். வாங்கப் போறவங்கன்னு எழுதி வச்சிருக்கியே, அதுல ஒருத்தர்கிட்டயாவது பேசினியான்னு கேட்டா முழிப்பாங்க. அதனால பிளான தூக்கிடுவோம்ங்கறேன். முதல் வாரமே எதையாவது விக்கணும், வித்தாதான் மார்க். என்ன சொல்றீங்க?

கணக்குப்புலி:
சார் தப்பா நினைக்காதீங்க, வித்தாதான் மார்க்னு சொன்ன அன்னிக்கே அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் கஸ்டமர் ஆயிடுவாங்க. உங்களுக்கு ரசீது வரும், பசங்களுக்கு ஒண்ணும் வராது. நான் சின்ன கம்பெனிகளுக்கு கணக்கு பாக்கறவன். என்கிட்ட வந்து கடைய மூடறேன்னு சொல்ற ஆளுங்க நல்லா விக்கத் தெரிஞ்சவங்கதான், பணம் எப்ப உள்ள வரும் எப்ப வெளிய போகும்னு பாக்காம விட்டவங்க. வாங்கினவன் 60 நாள்ல காசு தருவான், சரக்கு குடுத்தவனுக்கு 15 நாள்ல குடுக்கணும், நடுவுல 45 நாள் எந்த காசுல ஓட்டுவ? ஜாஸ்தியா விக்க விக்க இந்த பள்ளம் பெரிசாகும், புஸ்தகத்துல லாபம் இருக்கும் சம்பளம் குடுக்க காசு இருக்காது. இத வித்துப் பாத்து கத்துக்கன்னு விட்டா அடி வாங்கினப்புறம்தான் புரியும். பேப்பர்ல போட்டுப் பாக்கறதுக்குத்தான் பிளான்.

மலைக்காற்று:
நீங்க சொல்றது பண வரவு செலவு அட்டவணை, அது வேணும், நான் மறுக்கல. நான் எரிஞ்சு விழறது அந்த 40 பக்க பைண்டிங்குக்கு. கணக்கையும் பெரிய பாடமா எடுக்கத் தேவையில்ல. டொமினிகன் குடியரசுல சின்ன தொழில் பண்றவங்கள வச்சு செஞ்ச ஆய்வு ஒண்ணு 2014ல வந்துது. ஒரு குரூப்புக்கு முறையான அக்கவுண்டிங், இன்னொரு குரூப்புக்கு எளிமையான நடைமுறை விதிகள், அதாவது தொழில் காசு ஒரு டிராயர்ல, வீட்டு காசு இன்னொரு டிராயர்ல, அங்கேர்ந்து இங்க எடுத்தா சீட்டு எழுதி வை, அவ்வளவுதான். இந்த எளிய விதி கத்துக்கிட்டவங்கதான் அப்புறம் கணக்க ஒழுங்கா வச்சிருந்தாங்க, அக்கவுண்டிங் படிச்சவங்ககிட்ட சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல.

சந்தேகப்பேர்வழி:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்த அப்படியே ஒத்துக்கிட்டு பேசறீங்க, இத கிளாஸ்ல சொல்லிக் குடுக்க முடியும்னு. ஹார்வர்டுல 1947லயே புது தொழில் நடத்தறது பத்தி பாடம் ஆரம்பிச்சாச்சு, ஆனா பலன் என்னன்னு அளந்து பாத்தவங்க ரொம்ப கம்மி. நெதர்லாந்துல அளந்தாங்க. மாணவர்களே மினி கம்பெனி நடத்தற ப்ரோகிராம், நீங்க கேக்கற மாதிரி நிஜமாவே வித்தாங்க. 2010ல வந்த முடிவு என்னன்னா திறமைல குறிப்பிடற வித்தியாசமே இல்ல, சொந்தமா தொழில் தொடங்கணும்ங்கற ஆசை குறைஞ்சு போச்சு. இதுக்கு ஒரு சப்ஜெக்ட், அதுக்கு ஒரு எக்ஸாம்.

நிலாமுற்றம்:
ஆசை குறைஞ்சா அது ஃபெயிலியரா அண்ணா? நமக்கு இது ஒத்து வராதுன்னு கடன் வாங்கறதுக்கு முன்னாடியே ஒருத்தருக்கு தெரிஞ்சா நல்லதுதானே. நான் இப்ப இந்த பாடம் படிக்கற ஸ்டூடண்ட், எங்களுக்கு உண்மைல இடிச்ச இடம் நீங்க யாரும் பேசாத இடம். டீம்ல ஒருத்தன் வேலையே செய்யல, ஆனா ஆன்லைன் பேஜ் அவன் நம்பர்ல ஓபன் பண்ணது, கோச்சுக்கிட்டு போகும்போது பேஜையும் எடுத்துட்டு போயிட்டான், ஆர்டர் எல்லாம் அதுலதான் வந்துட்டு இருந்துச்சு. யாருக்கு எவ்வளவு பங்கு, யார் முடிவெடுக்கறது, ஒருத்தர் விலகினா என்ன பண்றது, இத ஒரு பக்கம் எழுதி கையெழுத்து போடுங்கன்னு ஒருத்தர் கூட சொல்லல. பிசினஸ் மாடல் கேன்வாஸ்னு தொழில ஒரே பக்கத்துல கட்டம் கட்டமா எழுதற தாள், அதுல 9 கட்டம் நிரப்ப சொன்னாங்க, அதுல ஒரு கட்டத்துலயும் இது இல்ல!!

கணக்குப்புலி:
இந்தப் பொண்ணு சொன்னதுதான் பாயிண்டு. ஃப்ரெண்ட்ஸ்தானேன்னு ஆளுக்கு சமமா பங்கு போட்டுக்கிட்டு அப்புறம் என் ஆபீஸ்ல வந்து மூஞ்சிய திருப்பிக்கிட்டு உக்காருவாங்க. பங்க மொத்தமா முதல் நாளே குடுக்கக் கூடாதும்மா, வேலை செய்ய செய்ய வருஷக்கணக்குல சேரணும், புது கம்பெனிகள்ல 4 வருஷம்ங்கறது பரவலா இருக்கற வழக்கம், முதல் வருஷம் முடியறதுக்குள்ள போனா ஒண்ணும் கிடையாது. இதுவும் எழுத்து வேலைதான் மலைக்காற்று சார், விக்கறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது.

மலைக்காற்று:
சரி அதையும் சேத்துக்கறேன். சந்தேகப்பேர்வழிக்கு ஒரு பதில் இருக்கு, மேற்கு ஆப்பிரிக்கால இருக்கற டோகோ நாட்டுல 1500 சின்ன தொழில்காரங்கள வச்சு பண்ண ஆய்வு, 2017. வழக்கமான பிசினஸ் பயிற்சி வாங்கினவங்க லாபம் நிச்சயமா சொல்ற அளவுக்கு ஏறல. தானா முன்வந்து செய்யறது, தடை வந்தா வேற வழி தேடறது, இத பழக்கின குரூப்புக்கு லாபம் 30 சதவீதம் கூடிச்சு. ஆக சொல்லிக் குடுக்க முடியும், எத சொல்லிக் குடுக்கறோம்ங்கறதுலதான் விஷயம்.

சந்தேகப்பேர்வழி:
அவங்க ஏற்கனவே தொழில் நடத்திட்டு இருந்தவங்க ப்ரோ. கத்துக்கிட்டத மறுநாள் காலைல கடைல போய் செஞ்சு பாக்கலாம், மிஸ் பண்ணா சாப்பாட்டுக்கு இடிக்கும். உங்க பசங்களுக்கு என்ன போச்சு, மிஞ்சினா ஒரு அரியர். நீங்க டொமினிகன்ல காட்டினதும் அதே கதைதான், அங்கயும் ஸ்டூடண்ட்ஸ் இல்ல.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் அரியர் மட்டும்தான் போகும்னு யார் சொன்னது? சொந்த காசு போட்டு ஆரம்பிங்கன்னு சொல்லிட்டா வீட்ல காசு இருக்கறவங்க தைரியமா ட்ரை பண்ணுவாங்க, நாங்க பத்திரமா ஸ்லைடு போட்டுட்டு உக்காந்திருப்போம். அமெரிக்கால பாப்சன் காலேஜ்ல பல வருஷமா முதல் வருஷ பசங்களுக்கு காலேஜே கடனா முதல் குடுத்து தொழில் நடத்த வச்சாங்கன்னு படிச்சேன். அந்த மாதிரி வைங்க, இவ்வளவுக்கு மேல நஷ்டம் ஆகக் கூடாதுன்னு முன்னாடியே எல்லை போட்டு வைங்க.

கணக்குப்புலி:
எல்லை போடணும், கூடவே மூடவும் சொல்லிக் குடுக்கணும். 1919ல அமெரிக்கால ஆரம்பிச்ச ஜூனியர் அச்சீவ்மென்ட்னு பசங்களுக்கு தொழில் பழக்கற அமைப்புல பசங்க பங்கு வித்து கம்பெனி தொடங்கி, வருஷக் கடைசில சொத்த பிரிச்சு பங்குதாரருக்கு குடுத்து கணக்க முடிப்பாங்க, அந்த கடைசி பகுதிதான் எனக்கு ரொம்ப புடிச்சது. யாருக்கு முதல்ல பாக்கி தீக்கணும், மிச்ச சரக்க என்ன பண்றது, இத ஒரு தடவ செஞ்சவன் அடுத்த தடவ கடன் வாங்கும்போது யோசிப்பான். மார்க்க அதுக்கு போடுங்க. லாபத்துக்கு போட்டீங்கன்னா திரும்ப சித்தப்பா வருவாரு.

மலைக்காற்று:
அப்ப இப்படி வைக்கலாமா, வித்த தொகைக்கு மார்க் கிடையாது. வெளியாள்கிட்ட பேசின குறிப்பு, வேண்டாம்னு சொன்னவங்க என்ன காரணம் சொன்னாங்க, வாராவாரம் காசுக் கணக்கு, ஒரு பக்க ஒப்பந்தம், கடைசில கணக்கு முடிச்ச தாள். முதலுக்கு டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாக்கறேன், கிடைக்கலன்னா முன்பணம் வாங்கி செய்யற வேலையா மட்டும் எடுக்க சொல்றேன், ட்யூஷன், டிசைன், ரிப்பேர் மாதிரி, அதுக்கு முதல் பெரிசா வேண்டாம்.

சந்தேகப்பேர்வழி:
குறிப்ப ராத்திரி ரூம்ல உக்காந்து எழுதிட்டு வந்து நிப்பாங்க, பாத்துக்கோங்க.

நிலாமுற்றம்:
எழுதுவோம்தான் 😄 பேசினவங்கள்ல ரெண்டு பேருக்கு சாரே போன் போட்டு கேக்கட்டும், அப்ப தெரிஞ்சிடும்.

கணக்குப்புலி:
அவங்க நம்பர தரலாமான்னு முதல்லயே கேட்டு வாங்கிக்கம்மா. ஒப்பந்த மாதிரி ஒண்ணு நான் எழுதி போடறேன் சார், ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க.