கடலோர மதிப்பீட்டுக்கு ஒரு சொல்: மணற்புழக்கப் பகுதி

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆறு மணலைக் கொண்டுவந்து சேர்க்கும் முகத்துவாரம், அலைகள் அதைக் கரைவழியே நகர்த்தும் தடம், கடைசியில் அது தங்குமிடம் ஆகிய மூன்றும் அடங்கிய கடற்கரை நீளத்துக்கு (ஆங்கிலத்தில் sediment cell) ‘வண்டல் கலம்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாக ‘மணற்புழக்கப் பகுதி’ என்பதை முன்மொழிகிறேன். வண்டல் என்றதும் நம் மனத்தில் எழுவது வயலில் படியும் காவிரி மண்தான்; கலம் என்பதோ பாத்திரத்தையும் மரக்கலத்தையும் நினைவூட்டும். பணப்புழக்கத்தையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் அறிந்த எவருக்கும் மணற்புழக்கப் பகுதி விளக்கமின்றியே புரியும். அப்பகுதியின் மணல் கணக்கை ‘மணல் வரவுசெலவு’ என்றும் இயல்பாகச் சொல்லலாம்.

இதில் நான் இவ்வளவு அக்கறை காட்டக் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன்பே, திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். அறிக்கைகளோ பொதுவாகத் திட்ட இடத்தைச் சுற்றி 10 கி.மீ. ஆரத்தையே ஆய்வுப் பரப்பாகக் கொள்கின்றன. மணல் அந்த வட்டத்துக்குள் நிற்பதில்லை. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் மணல் நகர்ந்தாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி. 1980களில் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது, தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரையே கரைந்து, கருங்கல் கொட்டிச் சாலையைக் காக்க நேர்ந்தது. அரிப்பு புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தமிழகத்தின் பொம்மையார்பாளையம் வரையுள்ள மீனவக் குப்பங்களையும் எட்டியது. கருத்துக்கேட்பில் அமரும் மீனவர் ‘எங்கள் ஊரும் இதே மணற்புழக்கப் பகுதியில்தான் இருக்கிறது, எங்களை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை’ என்று தம் வாயால் கேட்கக்கூடிய சொல்லாக அது இருக்க வேண்டும். அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவரைக் குறிக்கும் தூண்டில் வளைவு என்ற சொல் அப்படித்தான் குப்பங்களிலும் அரசு ஆணைகளிலும் ஒருங்கே வழங்குகிறது.

மதிப்பீட்டு அறிக்கையில் உயிரினங்களின் வாழிடங்களைப் பற்றிய அத்தியாயத்துக்கும் இச்சொல் உதவும். பங்குனி ஆமை முட்டையிட, உயர் அலைக்கோட்டுக்கு மேலே, அடம்பங்கொடி படரும் உலர்ந்த மணல் வேண்டும். தெற்கே பல கி.மீ. தொலைவில் கட்டிய சுவரால் அந்த மணல் வராமல் நின்றுபோனால், ஆமை கரையேறினாலும் குழி தோண்ட இடமிராது. 10 கி.மீ. வட்டத்துக்குள் ஆமைக்கூடு உண்டா என்று மட்டும் பார்க்கும் அறிக்கையில் இந்த இழப்பு பதிவாகவே வழியில்லை.

‘மணல்’ என்ற முன்னொட்டு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றுக்குப் பொருந்தாது என்று மறுப்பு எழலாம்; அது நியாயமானதே. ஆகவே பொதுச்சொல்லாகப் ‘படிவுப்புழக்கப் பகுதி’ என்பதையும், மணற்கரைகளுக்கு மட்டும் ‘மணற்புழக்கப் பகுதி’ என்பதையும் கொள்ளலாம் என்பது என் கருத்து.