மேய்ச்சல் பளு, மேய்ச்சல் நெருக்கம்: 'ஸ்டாக்கிங் ரேட்', 'ஸ்டாக்கிங் டென்சிட்டி' சொல்லாக்கம்

நண்பர்களே,

வெப்பமண்டல மேய்ச்சல் நிலங்களின் மண்வளம் பற்றி எழுதும்போது 'ஸ்டாக்கிங் ரேட்', 'ஸ்டாக்கிங் டென்சிட்டி' இரண்டையுமே 'கால்நடை அடர்த்தி' என்று எழுதிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. 10 ஹெக்டேர் நிலத்தில் தலைக்கு 250 கிலோ எடையுள்ள 20 மாடுகள் இருக்கின்றன என்று வையுங்கள். 250 கிலோ உயிரெடை ஒரு வெப்பமண்டலக் கால்நடை அலகு. ஆக 20 அலகு, ஹெக்டேருக்கு 2. இது ரேட். அதே நிலத்தை அரை ஹெக்டேர் வீதம் 20 கட்டங்களாக வேலியிட்டு, மந்தையைக் கட்டத்துக்கு 2 நாள் விட்டால், அந்த 2 நாளும் அங்கே ஹெக்டேருக்கு 40 அலகு. இது டென்சிட்டி. நிலம் முழுவதற்கும் பார்த்தால் ரேட் அதே 2 தான். "அடர்த்தியைக் குறையுங்கள்" என்று எழுதினால், படிப்பவர் மாட்டை விற்பாரா, வேலியைப் பிரிப்பாரா?

என் முன்மொழிவு: ரேட் – மேய்ச்சல் வீதம், டென்சிட்டி – கிடை அடர்த்தி.

———

> ரேட் – மேய்ச்சல் வீதம்

'வீதம்' வேண்டாம் ஐயா. மாடு நிமிடத்துக்கு எத்தனை வாய் புல் கடிக்கிறது என்று எழுத அந்தச் சொல் தேவைப்படும். 'மேய்ச்சல் பளு' என்றால் நிலம் தூக்கிச் சுமக்கும் மொத்த எடை என்பது சொல்லிலேயே இருக்கிறது. ('ஸ்டாக்' என்றதும் 'இருப்பு' என்று எழுதி மாட்டைக் கிடங்கில் அடுக்காமல் விட்டதற்கு நன்றி.)

> டென்சிட்டி – கிடை அடர்த்தி

கிடை என்பது எருவுக்காக மந்தையை இரவில் ஓரிடத்தில் கிடத்துவது. அங்கே சாணமும் சிறுநீரும் வந்து சேரும், மேய்ச்சல் கிடையாது. கட்டத்துக்குள் விட்டு மேய்ப்பதில் இரண்டும் ஒரே இடத்தில் நடக்கின்றன. 'மேய்ச்சல் நெருக்கம்' போதும். 'மேய்ச்சல் அழுத்தம்' என்றும் சிலர் எழுதுவார்கள். அதற்கு மண்ணியல்காரர்கள் என்ன சொல்வார்களோ.

———

அழுத்தத்தை மண்ணுக்கே விட்டுவிடுங்கள். நிற்கும் மாட்டின் குளம்பு மண்ணை ஏறத்தாழ 200 கிலோபாஸ்கல் அழுத்துகிறது. நடக்கும்போது எடை முழுவதும் குறைவான குளம்புகளின் மேல் ஏறுவதால் அது இருமடங்கு வரை போகும். இறுக்கம் பெரும்பாலும் மேல் 5 முதல் 15 செ.மீ.க்குள் வரும், புல்வேர் மிகுந்த அதே ஆழத்தில். அங்கே ஊடுருவு தடை (மண்ணைத் துளைத்துப் புகுவதற்கு எதிரான தடை) 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால் வேர் திணறும். இதற்கு 'குளம்பழுத்தம்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாம்.

நெருக்கம் 40 என்பது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஈரத்தைச் சொல்லாமல் விடை இல்லை. காய்ந்த மண் அந்த 40ஐத் தாங்கும். களிமண் நனைந்திருக்கும்போது விட்டால் குளம்புக்குழிகளில் நீர் தேங்கி, மண்துளைகள் மூடி, புல்லின் அடிக்கணுக்கள் நசுங்கும். மேல்மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள்: 3 மி.மீ. திரியாக உடையாமல் நீண்டால் மந்தையை உள்ளே விடக்கூடாது. மணல் நிலத்துக்கு இந்தச் சோதனை உதவாது. எப்போது உருட்டினாலும் உதிரும்.

இன்னொன்று, ஒரு புல் எத்தனை நாளைக்கு ஒருமுறை கடிபடுகிறது என்பதைப் பளுவும் நெருக்கமும் சொல்வதில்லை. கடிபட்ட புல் துளிர்த்து மீள்வதற்குள் மறுபடி கடிபடுவதுதான் மிகைமேய்ச்சல். தலைகளின் எண்ணிக்கையைவிடக் காலமே முக்கியம் என்று பிரான்சின் மேய்ச்சல் ஆய்வாளர் ஆந்திரே வுவாசன் 1950களிலேயே வலியுறுத்தினார். துளிரை இழக்கும் புல் வேரையும் குறைத்துக்கொள்ளும். மண்ணுக்குப் போகும் கரிமம் குறையும், தரை வெளுக்கும், மழைத்துளி நேரே மண்ணில் அடித்து மேலோடு கட்டும், நீர் இறங்காமல் ஓடும். எனவே 'தங்குநாள்' (மந்தை ஒரு கட்டத்தில் நிற்கும் நாட்கள்), 'ஓய்வுநாள்' (அது மற்ற 19 கட்டங்களையும் சுற்றி வரும் நாட்கள்) என்ற இணையும் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 2, 38.

———

> மேலே சொன்ன கணக்கில் 2, 38

அந்த 38 எனக்கு உறுத்துகிறது. நாட்காட்டி பார்த்து மந்தையை மாற்றுவதுதான் சுழற்சி மேய்ச்சலில் அடிக்கடி நடக்கும் தவறு. கினியா புல்லின் மொம்பாசா ரகத்தில் சுமார் 90 செ.மீ. உயரத்தில் மந்தையை விட்டு, 30–50 செ.மீ.யில் வெளியேற்றுவார்கள். பிராக்கியேரியா புல்லின் மராண்டு ரகத்தில் சுமார் 25இல் விட்டு 15இல் எடுப்பார்கள். நல்ல மழையில் மொம்பாசா 38 நாளுக்கு முன்பே 90ஐத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு தண்டு முற்றும், மாடு தின்பதைவிட மிதிப்பது அதிகமாகும். வறட்சியில் 38 நாள் போதவே போதாது. 'நாள்' என்று பெயரிலேயே வைத்தால் எண்ணத்தான் தோன்றும். 'தங்குகாலம்', 'ஓய்வுக்காலம்' என்போம்.

வெளியேற்றும்போது நிற்கும் புல்லின் உயரத்துக்கு 'எச்ச உயரம்' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள். சாணத்தைப் பற்றிய இயலில் அது வேறு பொருள் தரும். அறுத்தபின் நிற்பது அரிதாள். மேய்ந்தபின் நிற்பது 'மேய்தாள்' ஆகட்டுமே.

நெருக்கம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனியும் வந்துவிடக்கூடாது. நெருக்கம் சாணத்தைப் பரப்பும்; அது உண்மை. திறந்த மேய்ச்சலில் மாடு தின்ற சாம்பல்சத்திலும் தழைச்சத்திலும் பெரும்பகுதி நிழலடியிலும் தண்ணீர்த் தொட்டி அருகிலும் போய்க் குவிகிறது, மற்ற இடம் மெலிகிறது. ஆனால் பளு 2 தாங்கும் நிலத்தில் 4ஐ ஏற்றினால், எத்தனை கட்டம் பிரித்தாலும் ஓய்வு முடியும் முன்பே மந்தை திரும்பி வந்து நிற்கும்.

———

'மேய்தாள்' அருமை! 'கிடை'யைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியல் இப்போது:

மேய்ச்சல் பளு: நிலம் முழுவதற்கும், ஒரு பருவம் அல்லது ஆண்டுக்கு, ஹெக்டேருக்கு எத்தனை அலகு. காலத்தைக் குறிப்பிடாமல் எழுதக்கூடாது.

மேய்ச்சல் நெருக்கம்: மந்தை நிற்கும் கட்டத்தில், அந்த நேரத்தில், ஹெக்டேருக்கு எத்தனை அலகு.

தங்குகாலம், ஓய்வுக்காலம், மேய்தாள் உயரம், குளம்பழுத்தம்: மேலே சொன்னபடி.

'கிரேசிங் பிரெஷர்' மட்டும் நிற்கிறது. அது நிலப்பரப்பைக் கொண்டு அளப்பதல்ல, இருக்கும் புல்லின் எடைக்கு எத்தனை அலகு என்பது. 'புல்வழிப் பளு' என்று வைத்துப் பார்க்கிறேன். கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது.